வகுப்பறைக்கு வந்த வீட்டுப் பேச்சு

என்னைப் பெற்ற மகராசிக்கு,

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மழை இன்னும் விட்டபாடில்லை. நீ நட்டுவைத்த சௌசௌக் கொடி கூரைத் தகரத்தில் ஏறி, பக்கத்து வீட்டுக் காம்பரா வரைக்கும் போய்விட்டது. அவர்கள் பறித்துக்கொள்கிறார்கள், நானும் ஒன்றும் சொல்வதில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

ஒரு சங்கதியை யாராவது உன் காதில் போடுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ஆயுசுக்கும் நீ எனக்குப் போட்டது ஒரே ஒரு கட்டளை. அதை மீறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முன்னால், நம் வீட்டுத் தெலுங்கைப் பேசிவிட்டேன்.

அந்தப் பேச்சுக்கு நம் வீட்டில் ஓர் எல்லை இருந்தது. அடுப்படியில் பேசலாம், வாசலில் கூடாது. வெளியே யாராவது தொண்டையைக் கனைத்தால் போதும், பாதி வாக்கியத்திலேயே நீ தமிழுக்கு மாறிவிடுவாய். அப்பாவும் மறுபாதியைத் தமிழில் முடிப்பார். கீழ் லயத்து வரிசையின் கடைசிக் காம்பராக்களில் எல்லா வீட்டிலும் இதே பழக்கம்தான். பேச்சைக் கேட்டால் சாதி தெரிந்துவிடுமே என்ற பயம். தோட்டத்தில் யார் என்ன சாதி என்று தெரியாதவர் ஒருவராவது இருந்தாரா, அம்மா? தெரிந்தவர்களிடமிருந்தே ஒளித்துக்கொண்டிருந்தோம்.

நான் படித்து டீச்சராகி வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டுகூட நீ என்னோடு அதில் பேசவில்லை. "ஒன் நாக்குல அது ஒட்டிக்கிட்டா கிளாஸுல வந்துரும்டி" என்றாய். அதற்குப் பிறகு நாம் இருவரும் விருந்தாளிகளைப் போலத் தமிழிலேயே பேசிக்கொண்டோம். எனக்கு அது வலித்தது. உனக்கும் வலித்ததா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் என் தரம் ஒன்று வகுப்புக்கு தர்ஷிகா என்று ஒரு பிள்ளை வந்தாள். பெரகலப் பக்கத் தோட்டத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த குடும்பம். தகப்பன் கொழும்பில் ஹோட்டல் வேலை. தாய் செல்வி இங்கே கொழுந்து எடுக்கிறாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. பேர் கேட்டாலும் பதில் இல்லை. புத்தகத்தை எடு என்றால், மற்றப் பிள்ளைகள் எடுப்பதைப் பார்த்துத்தான் எடுப்பாள். காது கேட்கவில்லையோ என்று நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிக்கூடப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தாள்.

தவணை முடியும் நேரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அப்புத்தளைக்காரர், நல்ல மனுஷன். "டீச்சர், அந்தப் புள்ளைக்கு மூளை வளர்ச்சி கொஞ்சம் கொறைவுன்னு நெனைக்கிறேன். பதுளைக்கு அனுப்பி விசேட வகுப்புல சேர்த்துட்டா அதுக்கும் நல்லது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் இடைவேளையில் குளவி கலைந்தது. சவுக்கு மரத்துக் கூட்டில் எவனோ கல்லெறிந்திருக்கிறான். பிள்ளைகளை எல்லாம் உள்ளே தள்ளிக் கதவை அடைத்தோம். தர்ஷிகாவுக்கு மட்டும் கன்னத்தில் கொட்டிவிட்டது. அவள் கத்தினாள், அம்மா. அத்தனை நாளும் ஊமையாக இருந்த பிள்ளை, வலிக்கிறது என்று நம் பேச்சில், "நொப்பி! நொப்பி!" என்று சுவரெல்லாம் அதிரக் கத்தினாள்.

நான் யோசிக்கவில்லை. "ஏடவொத்து, ரா" என்று வாரி எடுத்துக்கொண்டேன். அழாதே, வா என்று நீ என்னிடம் சொன்ன அதே சொற்கள். பிள்ளை அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள் பார், நிறுத்தவே இல்லை. குளவி எப்படி வந்தது, யார் கல்லெறிந்தது, வீட்டில் ஆட்டுக்குட்டி இருப்பது, அப்பா பொங்கலுக்கு வராதது எல்லாமே வந்தது. அவளுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் பேசிய தமிழ்தான் அவளுக்கு விளங்கவில்லை.

பிள்ளைகள் எங்களைச் சுற்றி வாய் பிளந்து நின்றார்கள். "டீச்சர் என்னா பாஷ பேசுறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே செய்தி லயத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் செல்வி வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், எங்க புள்ள மக்காவே இருந்துட்டுப் போகட்டும். எங்க பேச்ச வெளியில இழுக்காதீங்க. புது எடத்துல இப்பத்தாங்க தலை நிமிந்து நடக்குறோம்."

"எங்க வீட்டுப் பேச்சும் அதுதாங்க செல்வி."

"கேலி பண்றீங்களா?"

நான் தெலுங்கில் பதில் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன், பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா, நீங்க இப்படி வெளியில பேசுறது?" என்று கேட்டாள்.

"அம்மா போயிட்டாங்க."

"இருந்திருந்தா சம்மதிச்சிருப்பாங்களா?"

நீ சொல்லேன். சம்மதித்திருப்பாயா?

அதிபரிடம் போய், தினமும் காலையில் அரைமணி நேரம் கேட்டேன். தர்ஷிகாவைப் போன்ற பிள்ளைகளுக்கு முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிக்கொடுத்து, அங்கிருந்து தமிழுக்குக் கூட்டிவருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தமிழ்ல படிக்க ஒரு எடம் கெடைக்கிறதுக்கே நம்மாளுங்க என்னா பாடு பட்டாங்க! அதுக்குள்ள இன்னொரு பாஷையா? நம்மள நாமளே பிரிச்சிக்கிற மாதிரி ஆயிராதா டீச்சர்?"

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் தமிழ்தான் சோறு போடுகிறது. நான் கனவு காண்பதும் அதில்தான். "அந்தப் புள்ள தமிழுக்கு வரணும்னுதான், சேர், கேக்குறேன். அது வீட்டுல இருந்துதானே நடந்து வரணும்" என்றேன். பெற்றோர் கூட்டத்தில் கேட்டு முடிவெடுப்போம் என்றார். கூட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளை பதுளைக்குப் போவது நிச்சயம்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. அதிபர் விஷயத்தைச் சொல்லி, "வேற யாரு வீட்டுலயாவது தெலுங்கு பேசுறீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க" என்றார். நம் பழைய லயத்து முகங்கள் எத்தனையோ அங்கே இருந்தன. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உன் வயிற்றில் பிறந்தவளுக்கு அந்தப் பயம் தெரியாதா? அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நான் கையைத் தூக்கினேன். டீச்சர் கையைத் தூக்குவதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பும் அடங்கிவிட்டது.

செல்வி கடைசி வரிசையில் இருந்தாள். கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்று, முற்றத்தில் விளையாடிய மகளை அங்கிருந்தே "தர்ஷிகா, இக்கட ரா!" என்று கூப்பிட்டாள். மலையில் தூரத்து வரிசைக்குக் கூப்பிடும் அதே குரல். பிள்ளை ஓடிவந்தாள். அதிபர் பிள்ளையிடம் கேட்டதைச் செல்வி தெலுங்கில் திருப்பிச் சொல்ல, பிள்ளை பேர் சொன்னாள், வகுப்புச் சொன்னாள். மேசையை, கதவை, மணியைக் காட்டி, முதலில் வீட்டுப் பேச்சிலும் பிறகு இடைவேளைகளில் நான் சொல்லிக்கொடுத்த தமிழிலும் சொன்னாள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை செல்வி உட்காரவில்லை.

"புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் அதிபர். "அந்த அரைமணி நேரத்தையும் ஒரு தவணைக்கு நடத்திப் பாருங்க டீச்சர்."

நீ பயந்தது சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னோடு தினமும் தேநீர் பகிர்ந்துகொண்ட ஒரு டீச்சர் இப்போது தனியாகப் போத்தல் கொண்டுவருகிறார். கோயில் திருவிழாவுக்கு விளக்குப் பூஜையை முன்நின்று நடத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் அந்த அரைமணி வகுப்புக்குப் போனால், கையைத் தூக்காதவர்களின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் கழுவி, தலை சீவி, பிள்ளைகளை மட்டும் அனுப்பிவைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் இல்லை. தெலுங்கு எழுத்தும் எங்களுக்குத் தெரியாது, தமிழ் எழுத்தில்தான் எழுதிச் சமாளிக்கிறேன். கதை சொல்கிறோம், எண்ணுகிறோம், பிறகு அதையே தமிழில் சொல்கிறோம். தர்ஷிகா இப்போது இரண்டிலும் வாயாடுகிறாள். சும்மா இரு என்று அவளை அதட்ட வேண்டியிருக்கிறது.

நேற்று அவளுக்கு விக்கல் எடுத்தது. வகுப்பே சிரித்தது. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், விக்கலுக்கு நம்ம பேச்சுல என்னா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அம்மா. சின்ன வயதில் எனக்கு விக்கல் எடுத்தபோதெல்லாம் நீ சீனி கொடுத்து, தலையில் தட்டி, அந்தச் சொல்லைச் சொல்லித்தானே இருப்பாய்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. செல்வியைக் கேட்டேன், அவளும் விக்கல் என்றே சொல்லிப் பழகியிருக்கிறாள். உன்னைக் கேட்கலாம் என்று ஒரு நொடி வீட்டை நோக்கித் திரும்பியே விட்டேன்.

பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்துக்குப் போகிறேன். அங்கே தெரியாவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போவேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நம் பேச்சிலேயே, ஊருக்குக் கேட்கிற மாதிரி கேட்பேன். அந்தச் சொல்லோடுதான் வகுப்புக்குத் திரும்புவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனி ஒளிந்து பேசாத உன் மகள்,
சரோஜா