ஏறி வராத பஸ்

இன்றைக்கு வாசலூர்பட்டி போட் ஹவுஸ் வாசலில் அன்னாசி நறுக்கி விற்றுக்கொண்டிருந்தேன். படகிலிருந்து இறங்கிய வெளியூர்ப் பெண் ஒருத்திக்குத் தலைசுற்றல். மோந்து பார்க்கட்டும் என்று எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. நல்லது, அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் சிநேகிதி, உன்னை நினைத்து எனக்கு வயிறு எரிந்ததடி. இதை எழுதும்போதும் கையில் எலுமிச்சை வாசம் போகவில்லை.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் தவறாமல் டயாலிசிஸ். மலைமேல் எடப்புளி நாட்டில் இருக்கும் நம் ஊரிலிருந்து ரோட்டுக்கு நடந்து, பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டாமலிருக்க எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து வருவாய். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "மலைக்காரங்களுக்கு நேரமே தெரியாதா?" என்பார். நீ விடுவாயா! "ஏனுங்க, அந்த மலையைக் கொஞ்சம் கீழ எறக்கி வெக்கச் சொல்லுங்க. நாளையிலிருந்து வெரசா வாரேன்." வார்டே சிரித்தது. நர்சம்மாவும் சிரித்தார்.

பிறகு அந்த ஆடித் திருவிழாக் கூட்டம். சுற்றுலாக் கார்கள் வளைவுகளை அடைத்துக்கொள்ள, பஸ் மேலே ஏறி வரவே இல்லை. மத்தியானம் வரை நின்றோம். உன் முறை போனது போனதுதான் என்று திரும்பி நடந்தால், வழியில் வீட்டுக்கு வீடு மோர், கூழ். "சோர்ந்து போயிட்டயே கண்ணு, ஒரு வாய் குடி." நம் மலையில் நீட்டிய சொம்பைத் தள்ளினால் அந்த வீட்டையே தள்ளியதாக அர்த்தம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள் நீ. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "அவங்க மொகம் வாடிரும் புள்ள" என்று வாங்கி வாங்கிக் குடித்தாய். கீழே உனக்குச் சொன்னதை மேலே வந்து ஊருக்கும் சொல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் வந்திருக்கக் கூடாதா?

மறுநாள் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், "ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்துருங்க" என்றார்கள். கம்பளியில் தூளி கட்டித் தூக்கினோம். ரோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் உன் கை தொங்கிவிட்டது. படகு பார்க்க ரோடு போட்டார்களே பாவிகள், உன் வாசல் வரைக்கும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது உன் தங்கைக்கும் அதே நோய், அதே பஸ். அவளும் என் தோளில்தான் சாய்ந்து வருகிறாள். வழியில் யார் சொம்பை நீட்டினாலும் முந்திக்கொண்டு நானே வாங்கிக் குடித்துவிடுகிறேன். பெருந்தீனிக்காரி என்று ஊரே பேசுகிறது. பேசட்டும்.

போன வாரம் அதே நர்சம்மா, அதே கேள்வி. உன் பதிலையே நான் சொன்னேன். அவர் நிமிர்ந்து உன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் உன் ஜாடை தெரிந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதற்காக நானும் அதைச் சொல்லவில்லை.