வலப்பக்கம் மேலே ஐந்து ஓட்டை

ஆலங்குடா
2016 ஆடி 12

அன்பு மகள் மக்தலேனாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அஸ்ரியா ரீச்சர் எழுதுகிற கடிதம் இது. தலவில கோயில் அன்னம்மாளின் தயவில் நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம், இத்தாலியில் நீயும் மருமகனும் பிள்ளையும் ஒரு காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். அம்மாவுக்கு முழங்கால் உளைவு குறையவில்லை, எண்ணெய் பூசி வெயிலில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறா. கச்சான் காற்று இந்த முறை முந்தி எழும்பி வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிறது, காயப் போட்ட கருவாட்டை மண் மூடுகிறது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள். டெலிபோனில் கதைக்கலாமே மாமா, ஏன் கடிதம் என்று ரீச்சர் கேட்டா. டெலிபோனில் நான் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பா, இது அவ கேட்கிற கதை இல்லை. விஷயம் இரண்டு. ஒன்று நீ கேட்ட உன் கையின் பிழை. மற்றது, இந்த ஆவணியில் தலவிலத் திருநாள் முடிந்ததும் உன் அண்ணன் கில்பட்டின் பெயரை இறந்தவர்களின் பூசையில் வாசிக்கக் கொடுக்கப் போவதாக அம்மா சொல்கிறா, அதற்கு நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே விஷயம்தான் என்று உன் அட்டைகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பட்டது.

நீ துவக்குச் சுடுகிற கிளப்பில் சுட்டு அனுப்பின இரண்டு குறி அட்டையும் வந்து சேர்ந்தன. ஆறுதலாகச் சுட்ட அட்டையில் எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் நிற்கிறது, எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து செக்கனுக்குள் ஐந்து குண்டு சுட்ட அட்டையில் ஒன்றுகூட வட்டத்துக்குள் இல்லை, ஐந்தும் வலப்பக்கம் மேலே ஒரு ரூபாய்க் குத்திக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றாகக் கிடக்கிறது. அவசரத்தில் விசையைப் பிடுங்கி இழுக்கிறாய் என்று பழக்குகிற மனுஷன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பிடுங்கி இழுக்கிறவளின் குண்டு கீழே போகும், சிதறும், இப்படிக் கூடு கட்டாது. பிழை உன்னுடையது இல்லை மகள், என்னுடையது. திருநாளுக்கு நாம் போட்ட சுடுகிற கடையில் இருந்த காற்றுக் கைத்துவக்கு உனக்கு ஞாபகம் இருக்கும், கைப்பிடி உடைந்து நான் புளியங்கட்டையில் செதுக்கிப் போட்டது. அதை வாங்கின வருஷமே குழல் வாய்மேல் நிற்கிற முனைக்குறியை வலப்பக்கம் ஒரு மயிரளவு வளைத்து நுனியையும் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். திருநாளுக்கு வருகிற சனம் நேராகக் குறி பார்த்தால் குண்டு இடப்பக்கம் கீழே போகும், பரிசுக்கு வைத்த பிளாஸ்ரிக் வாளியும் சுவர் மணிக்கூடும் கடையை விட்டுப் போகாது. சுடுகிற கடை வைத்தவர்கள் அநேகமாக எல்லாரும் செய்த வேலை. ஆனால் ஒருத்தருமே அடிக்காவிட்டால் சனம் கிட்ட வராது, அதற்காக வீட்டுப் பிள்ளையைச் சுட வைத்துக் காட்டுவது. கில்பட்டுக்குப் பன்னிரண்டு, உனக்கு ஒன்பது. வலப்பக்கம் மேலே இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கோ என்று இரண்டு பேரையும் பழக்கினேன். நீ அடித்ததும் நிற்கிற பெடியனைப் பார்த்து, "சின்னப் பெட்டை அடிக்கிறாள், மீசை வைச்ச உனக்கு ஏலாதோ" என்று கேட்பேன், அவன் ரோசத்தில் இன்னும் ஐந்து குண்டு கேட்பான். நீ மூன்று திருநாள் சுட்டாய், கில்பட் அதிலும் கூட. தொண்ணூறாம் ஆண்டு துவக்கைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னதோடு கடை நின்றது. கடைதான் நின்றது. ஆறுதலாகச் சுடும்போது உன் கண் சுடுகிறது, அவசரப்படும்போது அந்த ஒன்பது வயதுக் கை சுடுகிறது.

ஐப்பசியில் போட்டி என்று எழுதியிருக்கிறாய், அதற்குள் திருத்தலாம். வெறும் துவக்குத்தானா என்று திறந்து பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டு. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்து, நின்ற பிறகு கண்ணைத் திற. குறி பொட்டில் நிற்காது, வலப்பக்கம் மேலே நிற்கும், யாரோ பின்னால் நின்று முழங்கையைத் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதே. கையை இழுத்துத் திருத்தவும் வேண்டாம், பாதத்தைத் திருப்பு, உடம்பு திரும்பினால் கை தானாக வரும். ஒரு நாளைக்கு முப்பது தரம் செய், கண் திறக்கும்போது பொட்டிலேயே நிற்கும் வரை குண்டு போடாதே. பிறகு வேகம். முதல் கிழமை ஒரு அருள் நிறைந்த மரியே செபத்துக்கு ஒரு குண்டு, அடுத்த கிழமை பாதிச் செபத்துக்கு ஒன்று, அப்படியே குறைத்துக்கொண்டு போ. நேரத்தைக் கை தூக்குவதில் மிச்சம் பிடி, விசையில் பிடிக்காதே, விசை எப்பவும் ஒரே அளவாக, பால்குடிப் பிள்ளையின் கன்னத்தை அமத்துகிற மாதிரிப் பின்னுக்கு வர வேணும். பாதி மூச்சை விட்டுவிட்டு நிறுத்து. பார்வை முனைக்குறியில் இருக்கட்டும், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். குண்டு எங்கே போனது என்று இடையில் பார்க்காதே, பார்த்தால் அடுத்தது அதைத் தேடிப் போகும். ஓட்டைகள் சிதறத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், வெட்கப்படாமல் திரும்ப முழுச் செபத்துக்குப் போ.

இனி மற்றது. கில்பட் கடலுக்குப் போனது இரண்டாயிரத்து ஏழு மாசி பதினேழு, சனிக்கிழமை. மூன்றாம் நாள் வள்ளத்தைக் குதிரைமலைக்கு அங்கால் கண்டு இழுத்து வந்தார்கள். வலை நனையவில்லை, என்ஜின் தூக்கிக் கட்டினபடி, அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் இருந்தது. எவரிடமும் போய்க் கேட்க முடியாத காலம், உனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் துவக்கைத் திருப்பித் தந்தார்கள். நான் தலவிலைக்கு நடந்து போய் அன்னம்மாளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, என் கடையில் இனிப் பொய் இருக்காது, துவக்கை நேராக்குகிறேன், என் பிள்ளையை எனக்குக் காட்டு என்று நேர்த்தி வைத்தேன். வீட்டுக்கு வந்து முனைக்குறியை நேராக்கினேன். இரண்டாயிரத்துப் பதினொன்று ஆவணித் திருநாளுக்குத்தான் திரும்பக் கடை போட்டது. அன்று மத்தியானம் பெரிய பூசை முடிந்து சொரூப ஆசீர்வாதத்துக்குச் சனம் முழுக்கக் கோயிலடிக்குப் போய்விட்டது, சந்தைப் பக்கம் ஒரு குஞ்சு குருமான் இல்லை, வெயிலும் ஒலிபெருக்கியில் செபச் சத்தமும்தான். நான் குறிப்பலகைக்குப் பின்னால் குந்தியிருந்து மண்மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். துவக்கை மடக்கிக் காற்றேற்றுகிற சத்தம் கேட்டது. சனம் மேசையில் ஊன்றித்தான் மடக்கும், மேசைப் பலகை டொக்கென்று சொல்லும். இந்தச் சத்தத்தில் பலகை இல்லை, தொடையில் வைத்து மடக்கின சத்தம். அப்படி மடக்கிக் களிசானில் எண்ணெய் பிரட்டுகிறான் என்று நான் யாருக்கு ஏசுவேன் என்று உனக்குத் தெரியும். ஆரது என்று கேட்டேன். பதிலுக்குக் குண்டுதான் வந்து குறிப்பலகையில் பட்டது. திரும்ப மடக்கு, திரும்பக் குண்டு. ஒவ்வொரு தரமும் ஒரு குண்டு போட வேண்டிய துவக்கில் இரண்டு செபத்துக்குள் ஐந்தும் முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் ஒருத்தரும் இல்லை. துவக்கு மேசையில் மடிப்புத் திறந்தபடி, வாயைச் சுவர்ப்பக்கம் காட்டிக்கொண்டு கிடந்தது. காசு வைக்கவில்லை. எதிர்க்கடையில் தொதல் பலகாரம் விற்கிற கற்பிட்டி ஜபார் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தான். வந்தது ஆரப்பா என்று கேட்டேன். "நான் இந்தப் பக்கந்தான் பாத்துக்கொண்டு ஈந்தன் நானா, ஒருத்தரும் வரல்ல, சத்தம் கேட்டிச்சி, நீங்கதான் சுடுறீங்க எண்டு நெனச்சன்" என்றான்.

அட்டையில் ஐந்து ஓட்டை, வலப்பக்கம் மேலே, ஒன்றாக. சனம் திரும்புவதற்குள் நான் வேறு அட்டை மாட்டி, குறி பார்க்காமல் பழைய கைக்கு விட்டுச் சுட்டுப் பார்த்தேன், என்னுடையதும் அந்தப் பக்கமே போனது. அந்தக் கை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் உண்டு. நான் பலகைக்குப் பின்னால் இருந்தேன். நீ இத்தாலியில். ஆனாலும் மனம் நம்ப விடவில்லை. நானே சுட்டுவிட்டு மறந்தேனோ என்றுகூட யோசித்தேன், ஒன்றையும் மறக்கத் தெரியாத மனுஷன் நான். அடுத்த நான்கு திருநாளும் அதே நேரத்துக்கு அட்டையை மாட்டிவிட்டுப் பின்னால் குந்தியிருந்தேன், காற்றுத்தான் வந்தது. போன கிழமை உன் அட்டை வந்ததும் அந்தப் பழைய அட்டையை அலுமாரியில் இருந்து எடுத்து, உன் அவசர அட்டையின் நடுவோடு நடு வைத்துச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஐந்து ஓட்டையிலும் வெளிச்சம் வந்தது. என் அட்டையை வைத்தால் பொருந்தவில்லை, கிழவன் கை, விரிந்து கிடக்கிறது. ரீச்சரிடம் காட்டினேன், அவ அடிமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இத மடிச்சி வைங்க, எனக்கு மேலெல்லாம் கூசுது" என்றா. இது நான் பழக்கின பிள்ளையின் கை மகள். உயிரோடு வந்தானா, எப்படி வந்தான் என்று நான் கேட்கவில்லை. வந்தான். தகப்பனின் கடையில் ஒருநாளும் குறி பிழைக்காதவன் ஐந்து தரம் குறி பிழைத்துவிட்டு, இது என் வீட்டுத் துவக்கு இல்லை என்று போயிருக்கிறான். அவனைக் காட்டு என்று வைத்த நேர்த்தியே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அதனால் நேற்றுக் காலை அம்மா பூசைக்குப் போன நேரம் குறடு எடுத்து முனைக்குறியைப் பழையபடி வளைத்துப் போட்டேன். எவ்வளவு வளைவு என்று என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. நேர்த்தியை முறித்த பாவம் என்னோடு இருக்கட்டும், ஆனால் சனத்துக்குப் பொய் விற்கவில்லை, இந்தத் திருநாளில் ஒருத்தருக்கும் சுடக் கொடுக்க மாட்டேன். ஆவணி ஏழு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாத நேரம், மேசையில் துவக்கும் ஐந்து குண்டும் இருக்கும், ஒரு வெள்ளை அட்டை இருக்கும், நான் பலகைக்குப் பின்னால் இருப்பேன். ஜபாரிடம் அந்த நேரம் கோயில் பக்கம் திரும்பி இரு என்று சொல்லியிருக்கிறேன். "என்னத்துக்கு நானா" என்று கேட்டான், ஒருத்தர் கண்ணும் கடையில் படாமல் இருக்கட்டும் என்றேன். அட்டையின் நடுவில் ஓட்டை விழுந்தால் அவன் பெயரை எந்தப் பூசையிலும் வாசிக்க விட மாட்டேன், அம்மாவிடம் மூன்று அட்டையையும் காட்டுவேன். வெள்ளையாகவே இருந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஓம் என்று சொல்லிவிடுவேன், பிறகு இந்தக் கதை கதைக்க மாட்டேன்.

நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கையைத் திருத்தத் தொடங்கு, தள்ளிப் போடாதே. அந்த ஞாயிறன்று அந்தக் கை உலகத்தில் அவனுக்கு மட்டும் இருக்கட்டும். மருமகனை வேலைக்குக் குடை இல்லாமல் போக வேண்டாம் என்று சொல். பிள்ளைக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடு. இதைப் பற்றி அம்மாவிடம் டெலிபோனில் ஒரு சொல் விடாதே. அன்னம்மாள் உன் வாசலையும் உன் கையையும் காவல் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்பவும் உன் தலையில் இருக்கும்.

சுட்டு முடிந்தால் துவக்கை அப்படியே போட்டுவிட்டு வராதே, உங்கள் இரண்டு பேருக்கும் நான் பழக்கின மாதிரி மடிப்பைத் திறந்து வாயைச் சுவர்ப்பக்கம் வைத்துவிட்டு வா. அங்கே யாராவது அப்படி வைத்திருக்கக் கண்டால் எனக்கு உடனே எழுது.

இப்படிக்கு
உன் அப்பா லோறன்ஸ்
(பெருவிரல் அடையாளம்)