மூன்றாவது ‘வேண்டாம்’

ஹால்வர் ஏரி, மினசோட்டா
மார்ச் 4, 1986

அன்புள்ள மைக்காவுக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று, நீ சேறு அப்பிய பூட்ஸோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அன்றே சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனால் மனிதர்களைப் படிப்பதில் இந்த மாவட்டத்திலேயே எனக்கு நிகர் கிடையாது. ஆளுநரே ஒருமுறை என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

நான்கு மாதம் படிக்க வந்தாய். நான் வளர்க்கும் என் தங்கை மகள் மாரிட்டும் நீயும் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டீர்கள். நீ ஹாலந்து திரும்பி இரண்டு மாதமாகிறது, இருவருக்குள் ஒரு வரி இல்லை.

விமான நிலையத்தில் நான் பக்கத்திலேயே நின்றேன். “கோடைக்கு எங்க வீட்டுக்கு வர்றியா?” என்றாய். “ஐயோ வேண்டாம்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றாள். மறுபடி கேட்டாய். “வேண்டாம், பரவாயில்லை.” நீயும் “சரி” என்று சொல்லிப் போய்விட்டாய்.

அடி பைத்தியமே, இங்கே காப்பிக்குக்கூட மூன்றாம் முறை கேட்டால்தான் கை நீட்டுவோம். முதல் இரண்டு ‘வேண்டாம்’ மரியாதைக்கு. மூன்றாவதுதான் பதில். அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள். பெட்டிகூடக் கட்டிக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருக்கிறாள். நீலப் பெட்டி. என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு முறை கேள். நான் எழுதியதாக மட்டும் மூச்சு விடாதே.

உன் ஆர்வில் மாமா

~

க்ரோனிங்கன், ஹாலந்து
மார்ச் 19

அன்புள்ள ஆர்வில் மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். மேலே கேட்பது நச்சரிப்பு.

இன்றே அவளுக்கு எழுதிவிட்டேன். என் அறையில் இன்னொரு கட்டிலும் போட்டாயிற்று. நீங்கள் சொல்லித்தான் கேட்கிறேன் என்பதையும், பெட்டி விஷயத்தையும் மறைக்கவில்லை. மன்னியுங்கள். நீங்கள் சமைத்த ஏரி மீனில் உப்பே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். சிநேகிதியிடம் ஒளித்து எழுத எனக்கு வராது.

மைக்கா

~

ஹால்வர் ஏரி
ஏப்ரல் 2

மைக்கா கண்ணே,

இதையும் முன்பே சொன்னேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை.

உன் கடிதத்தை மாரிட் நின்றபடியே படித்தாள். அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“எந்தப் பெட்டி, மாமா?”

நான் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அவளாக் கேப்பான்னு தினமும் தபால்பெட்டியைப் போய்ப் பார்த்தேன். நீங்க சொல்லிக் குடுத்துக் கேட்டா, அது கேட்டதா? நான் பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு ஏங்குறேனாம். பாவம் பார்த்துக் கூப்பிடுறா!”

“பாவமெல்லாம் இல்லடி. உனக்குக் கட்டில் போட்டிருக்கா. போயிட்டு வாம்மா.”

“வேண்டாம்.”

இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். மூன்றாவது ‘வேண்டாம்’ சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான்காவது முறையும் கேட்டிருப்பேன்.

அவள் உனக்கு எழுத மாட்டாள். அந்தக் கட்டிலை எடுத்துவிடு.

உன் விமானம் மறையும்வரை அவள் கண்ணாடியில் கைவைத்து நின்றது நிஜம். ஆளுநர் யோசனை கேட்டதுகூட ஓரளவு நிஜம். காரை நிறுத்தி, ஏரிக்குப் போக வழிதான் கேட்டார். பெட்டி மட்டும் பொய். அவள் எதையும் கட்டவில்லை, மைக்கா. கட்டியது நான்தான், கதையை.

ஆர்வில்