ஒன்பதாவது சாவி

2 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

போன மாசம் உனக்கு மறுபடியும் வலிப்பு வந்துச்சாமே! உன் ரூம்ல இருக்கிற பொண்ணு எழுதித்தான் எனக்குத் தெரியணுமா? என் பூட்டு ரிப்பேர் கடையிலேயே கனமான இரும்புச் சாவியாப் பார்த்து இதோட வச்சிருக்கேன். இது எட்டாவது. இதையாவது கையிலேயே வச்சுக்கோ. மெத்தைக் கடை வேலை பார்த்தது போதும். இருபதாம் தேதி வந்து கூட்டிட்டு வந்துடுறேன். மூட்டை கட்டி வை.

கவலையோட,
அண்ணன்

8 மார்ச்

அன்புள்ள அண்ணா,

எட்டுச் சாவி வந்தாச்சு. பூட்டுதான் ஒண்ணுகூட வரல.

ஆஸ்பத்திரியில வலிப்பு இருக்கிறவங்களுக்கு வகுப்பு நடத்துறாங்க, போனேன். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே கிடையாதாம். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில எதையும் வைக்கக் கூடாது. தலைக்கடியில மெத்துன்னு ஏதாவது வச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். சின்ன வயசுல விழுந்து என் பல்லு உடைஞ்சதே போதும்ப்பா.

கடையில எல்லாருக்கும் ஒத்திகை வச்சேன். நான் விழுற மாதிரி நடிச்சேன். முதலாளியம்மா ஓன்னு அழுதுட்டாங்க. கணக்கர் என் மூஞ்சியில தண்ணியை ஊத்திட்டார். நாலாவது தடவைதான் தேறினாங்க. இங்க விழுந்தாலும் மெத்தை மேலதான் விழுவேன். வேலையை விடமாட்டேன், நீ வராதே.

பிடிவாதத் தங்கச்சி

21 மார்ச்

அண்ணா,

நேத்து கடையில நிஜமாவே வந்துடுச்சு. இவங்க ஒத்திகைன்னே நினைச்சிருக்காங்க. "இன்னிக்கு நடிப்பு பிரமாதம்"னு பாராட்டிக்கிட்டேதான் முதலாளியம்மா தலையணை வச்சாங்களாம். ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். கணக்கர் எழுதியே வச்சிருக்கார்.

அப்போ சாவிக்கொத்தோட ஒரு ஆள் கத்திக்கிட்டே ஓடி வந்தாராம். "சாவியைக் கீழ போடுய்யா!"ன்னு கணக்கர் அவரைப் பிடிச்சு ஒரு மெத்தையில உட்கார வச்சிட்டார். நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் அங்கேயே அழுதுக்கிட்டு இருந்தாராம். அப்புறம் ஆளைக் காணோம். சாவிக்கொத்து என்கிட்டதான் இருக்கு. நீதானே?

தங்கச்சி

26 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

நானேதான். உன்னைக் கூட்டிட்டு வரத்தான் வந்தேன். வெட்கமாப் போச்சு, சொல்லாம பஸ் ஏறிட்டேன். அந்தக் கணக்கருக்கு என்னா பிடி!

அங்க யாருமே உன்னைப் பிடிச்சு அமுக்கல. நீ முழிச்சதும், "பயப்படாதே, கடையிலதான் இருக்கே"ன்னு மெதுவாச் சொன்னாங்க. எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொல்லத் தெரியல.

ஒண்ணு சொல்லணும். நீ விழுந்ததால உன் பல்லு உடையல. நான் வாயில திணிச்ச கரண்டியாலதான் உடைஞ்சுது. பதினெட்டு வருஷமா மறைச்சிட்டேன். மன்னிச்சுடும்மா.

அந்த வகுப்புல அண்ணன்களைச் சேர்த்துப்பாங்களா?

ஒன்பதாவது சாவி இதோட இருக்கு. கையில பிடிக்க இல்ல, நம்ம வீட்டு வாசல் சாவி. லீவு கிடைக்கிறப்போ வா. முடிஞ்சதும் கிளம்பிடு, கடையில தேடுவாங்க.

அண்ணன்