இலங்கைக்கு விளையாடிய என் சப்பாத்து

புயல் போய் இன்றைக்கு ஐந்தாவது நாள். கூரை ஓட்டில் பாதி பக்கத்து வளவில் கிடக்கிறது. வீட்டில் நனையாத பொருள் ஒன்றுமில்லை. முற்றத்தில் பாயை விரித்து, தலையணை, கல்யாணப் படம், கச்சேரி அலுவலகத்தில் எனக்குத் தந்த நியமனக் கடிதம் எல்லாவற்றையும் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சப்பாத்துச் சோடி வந்தது. ஈரத்தோலின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது கோபம். அதற்குப் பிறகுதான் நீ வந்தாய்.

நீ போய் ஒரு வருடமாகிறது. செத்தவன் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது, என்ன செய்ய? உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமா கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கி அனுப்பிய சப்பாத்து அது. மூக்கு மரக்கட்டை மாதிரிக் கெட்டி. அடியில் தோல் குமிழ்களை ஆணி வைத்து அறைந்திருந்தார்கள். நம் உதைபந்தாட்டக் கழகத்தின் பதினொரு பேரில் காலில் சப்பாத்தோடு இறங்கியவன் நான் ஒருவன்தான். நடுவில் நான் நிற்பேன். இடப்பக்கத்தில் நீ, கல்லடிக் கடற்கரை மணலில் வலை இழுத்துப் பழகிய வெறுங்காலோடு.

கொழும்பிலிருந்து ஒரு அணி நம் வாவிக்கரை மைதானத்துக்கு விளையாட வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இலங்கை அணிக்கு ஆள் பார்க்கிற ஒருவரும் தொப்பியோடு கூட வந்திருந்தார். அன்றைக்கு இரண்டு கோல் போட்டேன். இரண்டும் நான் போட்டவை, ஊரே கத்தியது. ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதர் எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தார். நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, தலையைக் கோதி, இங்கிலீசில் என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் உன் தோளில் கை வைத்தார். இரண்டு கோலுக்கும் பந்தைக் கொண்டுவந்து தந்தவன் நீ என்பதை அந்த மைதானத்தில் கவனித்தவர் அவர் ஒருவர்தான். நானே கவனிக்கவில்லை.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இங்கிலீசில் இருந்ததால் என்னிடமே கொண்டு வந்தாய். வாசித்துச் சொன்னேன். பர்மாக்காரர் கொழும்புக்கு வருகிறார்கள், இலங்கை அணிக்கான பயிற்சிக்கு உன்னை அழைக்கிறார்கள் என்பதை மெதுவாகச் சொன்னேன். வெறுங்காலோடு விளையாட விடமாட்டார்கள் என்ற கடைசி வரியை மட்டும் உரக்கச் சொன்னேன்.

"சப்பாத்து இல்லாட்டி வரத் தேவல்லையாம்டா."

நீ கதவு மூலையில் கிடந்த என் சப்பாத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"மச்சான், ஒரு மாசத்துக்குத் தருவியா?"

"கொண்டு போடா. உனக்கில்லாததா?"

என் அம்மாகூட அழுதுவிட்டா, தன் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று. உண்மை இதுதான். உன்னை நான் அறிவேன். செருப்புப் போட்டாலே தடுக்கி விழுகிறவன் நீ. அந்தக் கட்டைச் சப்பாத்தோடு கொழும்பு மைதானத்தில் நான்கு அடி ஓட மாட்டாய், விழுவாய், அவர்கள் சிரிப்பார்கள், அடுத்த ரயிலில் திரும்பி வருவாய் என்று நினைத்துத்தான் தந்தேன். நீ விழ வேண்டும் என்றுதான் தந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் போகும்போது கீழே பார்த்தால், வாவித் தண்ணீரில் முழங்காலளவில் நீ நிற்கிறாய். காலில் என் சப்பாத்து. எனக்கு உச்சி கொதித்தது.

"டேய், உப்புத் தண்ணிடா! தோல் பழுதாப் போகும்!"

"கால் பிடிக்குதில்ல மச்சான். நல்லா நனைச்சி, காலோடயே காய விட்டாச் சரி வரும்."

"எவன்டா சொன்ன?"

"மத்தளத்துத் தோலையும் நனைச்சித்தானே இழுத்துக் கட்டுறானுகள். மறுகா காஞ்சா அது அதுக்கு அளவா இரிக்கும்."

அன்றைக்குக் காலையிலிருந்து வெயில் சாயும்வரை கரையில் அதோடு நடந்தாயாம். ரயிலிலும் கழற்றவில்லையாம். போனாய். விழவில்லை. உன்னைத் தெரிவு செய்தார்கள்.

ஆட்டத்தன்று சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஊர் திரண்டிருந்தது. கடைக்காரர் காத்தான்குடிக்காரர், ஊருக்கே காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. அவர் ரேடியோவைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்து, ஒரு பாதித் தேங்காயில் சாய்த்திருந்தார். பாதி ஆட்டம்வரை உன் பெயர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு உன்னை இறக்கினார்கள். பெயரும் வந்தது, மட்டக்களப்பு என்ற சொல்லும் வந்தது. கடைக்குள் ஒருவர் விசிலடித்தார், ஒருவர் பெஞ்சில் ஏறி நின்றார். நான் மட்டும் எழும்பவில்லை.

கடைசி நேரத்தில் பந்து உன்னிடம் வந்தது. கோல் காப்பவன் விழுந்து கிடந்தான் என்று அறிவிப்பாளர் கத்தினார். நீ அடித்தாய். பந்து கோலுக்கு மேலால் போய்விட்டது. கடை முழுக்க "ச்சே" என்றது. நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

காக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, நம்மட பொடியன் கோல விட்டதுக்கு நீங்க சிரிக்கிறீங்க?"

"இல்ல காக்கா, தும்மல் வந்த."

அவர் நம்பவில்லை. அந்த ஒரு கோலால்தான் இலங்கை தோற்றது.

தோற்று வந்த உனக்கு ரயில் நிலையத்தில் மாலை போட்டார்கள். இரண்டு கோல் போட்ட எனக்கு ஒருவனும் ஒரு செம்பரத்தம் பூகூடத் தந்ததில்லை. சப்பாத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி என் கையில் தந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தேன். என் பெருவிரல் உன் பெருவிரல் இருந்த குழிக்குள் போய் அந்தரத்தில் நின்றது. குதிக்கால் உரசி இரத்தம் வந்தது. நீ பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாய்.

"என்ட காலுக்குப் பழகிட்டு போல மச்சான்" என்று தலையைச் சொறிந்தாய்.

அதற்குப் பிறகு நான் போட்ட கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு வருடத்தில் விளையாட்டை விட்டேன். முழங்கால் வலி என்று எல்லோருக்கும் சொன்னேன். முழங்காலில் ஒன்றுமில்லை. வேறு சப்பாத்து வாங்கியிருக்கலாம். ஆனால் என் சப்பாத்தே என்னை வேண்டாம் என்றபிறகு மனசு விட்டுப் போயிற்று.

கொழும்பில் இருந்து உனக்கும் மறுபடி அழைப்பு வரவில்லை. நீ வலைக்குப் போனாய், நான் கச்சேரிக்குப் போனேன். ஆனால் இலங்கை எங்கே விளையாடினாலும் காக்கா கடை ரேடியோவுக்கு முன்னால் நாம் இருவரும்தான். ஒலிம்பிக்குக்குத் தகுதி காணும் ஆட்டத்தில் இந்தியாவிடம் இரண்டு தடவையும் தோற்றோம். நீ அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அணி அங்கே தோற்றது, இங்கே தோற்றது, நாடு தன் இங்கிலீசுப் பெயரையே மாற்றிக்கொண்டது, ஆட்டத்தின் முடிவுதான் மாறவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் நான் உன்னைக் குத்துவேன்.

"உன்ட ஆக்கள் தோத்துட்டானுகள்."

"நம்மட ஆக்கள், மச்சான்" என்பாய்.

அவர்கள் வென்றிருந்தால் நீ இன்னும் பெரியவனாகியிருப்பாய். தோல்வி எனக்குக் கொஞ்சம் இனித்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

நீ போவதற்கு முந்திய வருடம் ஒரு பின்னேரம், உன் தோணியில் என்னை வாவிக்குள் கூட்டிக்கொண்டு போனாய். இறால் வலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்.

"அண்டைக்கு வெறுங்காலா இரிந்தா அந்தக் கோல் பட்டிருக்கும் மச்சான். சப்பாத்துட மூக்கு பந்துக்குக் கீழ போயிட்டு. அதான் எழும்பின."

நான் கேட்டேன், "இத்தின வருஷமா ஏன்டா ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

"சொன்னா உன்ட சப்பாத்துக்குத்தானே பழி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் தந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "வெயில் போகுது, தோணியக் கரைக்குக் கிறுக்கு" என்று மட்டும் சொன்னேன். நான் உன்மேல் எரிந்துகொண்டிருந்த இருபது வருடமும் நீ என் சப்பாத்தின் மானத்தைக் காத்திருக்கிறாய். அந்த நல்ல குணமும் உனக்கே கிடைத்ததே என்று அதற்கும் சேர்த்துத்தான் எரிந்தேன்.

உன் சாவு வீட்டில் இலங்கைக்கு விளையாடினவர் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். யாரோ என்னைக் காட்டி, "இவர்தான் சப்பாத்துக் குடுத்தவர்" என்றார். ஊரில் எனக்கு இருக்கிற பெயர் அது ஒன்றுதான்.

இன்று அந்தச் சப்பாத்து மறுபடி ஊறி, மெத்தென்று, புதுத்தோல் மாதிரி என் கையில் இருந்தது. நீ சொன்ன வித்தை நினைவுக்கு வந்தது. காலோடு காய விட்டால் போதும். போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். ஈரத்தோல் இளகி இடம் கொடுக்கத் தொடங்கியது. வெயில் சாயும்வரை நடந்தால் இருபது வருடத்துக்குப் பிறகு அது என்னுடையதாகிவிடும். நான்கு சுற்று நடந்திருப்பேன். பெருவிரலுக்கடியில் உன் குழி மெல்ல மெல்ல மட்டமாவது தெரிந்தது. நின்றுவிட்டேன். அதுவும் போனால் இது வெறும் பழஞ்சப்பாத்து. நானும் அதைக் கொடுத்தவன்கூட இல்லை.

கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

"கூரைக்கு ஓடு தேடச் சொன்னா எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டா.

"மண் எடுக்க."

கல்லடிக் கடற்கரையில் தென்னைகள் எல்லாம் தலைசாய்ந்து கிடக்கின்றன. நீ வெறுங்காலோடு ஓடின இடத்தில் மேல்மணல் காய்ந்து சுட்டது. அதை அள்ளி அள்ளிச் சப்பாத்துக்குள் போட்டேன், உன் கால் அச்சுக் கலையாமல் காயட்டும் என்று. குலுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மணல் தானாக ஓடிப்போய் உன் பெருவிரல் குழியில் அளவாக நிரம்பி நின்றது. மணலுக்கும் பொருந்துகிறது மச்சான். எனக்குத்தான் பொருந்தவில்லை.