மஞ்சள் படிந்த பக்கம்

786

முத்துப்பேட்டை
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஹஸ்ஸானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை நுஸைபாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் பர்வினும் பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே அடைமழை பிடித்துக்கொண்டது. கடைமடைக்கு இந்த வருஷமும் ஆற்றுத் தண்ணீர் பிந்தித்தான் வந்தது, நட்டு முடித்ததும் மழை வந்து நடவையே மூழ்கடித்துவிடுமோ என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் கண் ஆபரேஷன் செய்தது நன்றாக ஆறிவிட்டது, இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல்லாதே, கைக்கும் வயதாகிவிட்டது. போனில் சொல்லலாமே என்று நுஸைபா சொன்னாள். போனில் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ கம்ப்யூட்டரில் எழுதியிருந்ததை நுஸைபா எனக்கு வாசித்துக் காட்டினாள். நம் வீட்டுக் கலைக்களஞ்சியத்தைப் பற்றி அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். தம்மாமில் என் கம்பெனி வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன புத்தகங்கள், அவற்றை நான் லீவில் வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பியது, இந்தக் கனத்துக்கு இரண்டு பால் பவுடர் டின் கொண்டு போகலாமே என்று அவர்கள் முனகியது, எதையும் நீ மறக்கவில்லை. இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் உலகமே வந்து நிற்கிறது, ஆனாலும் அந்தப் பக்கங்களின் வாசனை வருமா என்று கேட்டிருக்கிறாய். போன தடவை வந்தபோது எடுத்துப்போன ஒரே ஒரு புத்தகம் மேஜையில் இருக்கிறது, அதில் ஒரு பக்கத்தில் சமையல் வேலைக்கு நடுவே எனக்காகப் புரட்டிய என் உம்மாவின் மஞ்சள் விரல் பதிந்திருக்கிறது, மனது கனத்தால் அதைத் தொட்டுக்கொள்வேன் என்று முடித்திருந்தாய். யார் யாரோ படித்து அழுததாகக் கீழே எழுதியிருந்தார்களாம். நான் பல நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகனே, அது உன் உம்மாவின் விரல் இல்லை. நமக்கு மீன் கொண்டுவரும் ரெங்கம்மாளின் விரல். அவள் மகன் வைரக்கண்ணுக்கு பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலைக்கு விசா வந்தபோது நீ திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், நான் தம்மாமில். அவன் நம் வீட்டுக்குப் பயணம் சொல்லிக்கொள்ள வந்தான், கூடவே அவளும் வந்தாள். அந்த நாளில் நம் தெருவில் யாருக்கு விசா வந்தாலும் நம் வீட்டுக்கு வந்து போகிற நாட்டைப் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் போவார்கள், உனக்கும் தெரியும். நுஸைபாதான் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடலுக்கு நடுவே அரிசி மணி அளவுக்கு இருந்த அந்தத் தீவைப் பார்த்ததும் ரெங்கம்மாள் முந்தானையில் முடிந்திருந்த கோயில் மஞ்சளை எடுத்திருக்கிறாள். இதில் வைக்கலாமா என்று உன் உம்மாவிடம் கேட்க, அவளும், பிள்ளை போற இடம்தானே வைங்க என்றாளாம்.

இரண்டாம் வருஷம் அவன் போன படகு திரும்பவில்லை. நான் தம்மாமில் இருந்தபடி எத்தனையோ பேரிடம் விசாரித்தேன், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் புருஷன் நாகநாதன் கோடியக்கரைக்குப் போய்த் திதி கொடுத்துவிடலாம் என்றபோது, முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது என்று அவள் விடவில்லை. அதற்குப் பதிலாக ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஊரே கடலுக்குப் போகும்போது அவள் நம் வீட்டுக்கு வருவாள். அந்தப் பக்கத்தில் அதே இடத்தில் மஞ்சள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். உம்மா மௌத்தாகி இத்தனை வருஷமாகியும் அந்த மஞ்சள் வெளுக்காமல் இருக்கிறதே என்று நீ யோசித்திருக்கலாம். நீ யோசிக்கவில்லை, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளை கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

இந்த ஆடி அமாவாசைக்கும் வந்தாள். அலமாரியில் தேடினால் புத்தகம் இல்லை. அண்ணன் எடுத்துப் போயிருப்பார் என்று நுஸைபா சொல்லி, அவள் மனது நோகக் கூடாதென்று கம்ப்யூட்டரில் பஹ்ரைனைக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படம், படகுத்துறை கூடத் தெரிந்தது. கரை, தெரு, பள்ளிவாசல், எல்லாவற்றையும் ரெங்கம்மாள் பார்த்தாள். விரலில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கண்ணாடி வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். நுஸைபா படத்தை நகர்த்தியதும் தீவு எங்கேயோ போய்விட்டது. கையை இழுத்துக்கொண்டு, "இதுல எங்க பாப்பா வைக்கிறது?" என்றாள். பிறகு மஞ்சளை முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று நீ கேட்பாய். நம் புத்தகம் பழையதுதான், இப்போது இல்லாத நாடெல்லாம் அதில் இருக்கிறது என்று நீயே கேலியாக எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். அது அச்சானபோது வைரக்கண்ணு உயிரோடு இருந்தான். அவனும் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தான். அவள் போய் உட்கார அவனுக்கு வேறு சமாதி கிடையாது.

ஹாஜா மைதீன் மகன் ஜாஃபர் சாதிக் உங்கள் ஊரில்தானே இருக்கிறான், தங்கை நிக்காஹுக்கு மார்கழியில் வருகிறானாம். அவனிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பு. பெட்டியில் போடாமல் கையிலேயே கொண்டுவரச் சொல். கனம் என்று முனகுவான், முனகட்டும், அவன் வாப்பாவும் முனகிக்கொண்டுதான் கொண்டுவந்தார். தை அமாவாசைக்கு முன்னால் அது அலமாரியில் இருக்க வேண்டும்.

உன்னிடமிருந்து உம்மாவைப் பறிப்பது போல எனக்கே இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகம் தடிமன், விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். ரெங்கம்மாள் மஞ்சள் வைத்து, பார்த்து, அழுது முடிக்கும்வரை இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது உன் உம்மாதான். ஒவ்வொரு தடவையும் அவள்தான் பிடித்தாள், கடைசியாகப் படுக்கையில் விழுவதற்கு முந்தின அமாவாசையிலும் பிடித்தாள். அதற்குத் தடம் எதுவும் கிடையாது. அவளுக்குப் பிறகு நான் பிடிக்கிறேன், இப்போது கை நடுங்குகிறது. லீவு கிடைத்தால் ஒரு தை அமாவாசைக்கு வா, நீ பிடித்துக்கொள்.

பர்வினுக்கு ஸலாம் சொல். பிள்ளைக்கு என் முத்தம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஜாஃபர் புறப்படும் தேதியைக் கேட்டு எழுது. அல்லாஹ் உங்களை ஆபத்து அண்டாமல் காப்பானாக, ஆமீன்.

உன் வருகைக்கு துஆ செய்யும் வாப்பா,
அஹமது கபீர்