எனக்காக நீங்கள் தேர்ந்தெடுத்த லைட்டர்

இன்று காலை அடுப்பைப் பற்றவைத்தபோது அந்த வாசனை மறுபடி வந்தது. லைட்டர் முனையில் ஊதா நிறமாக மின்பொறி ஓடும்போது வருமே, காய்ந்த கம்பியின் வாடைபோல, மூக்கைக் குத்துகிற வாசனை. வெளியே காட்டுக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரே அமுக்கில் சுள்ளி பற்றிக்கொண்டது. எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது.

மல்லாங்கிணறு பக்கம் நமக்கு இருந்த கரிசல் காட்டில் வீடு கட்டிப் போய்விடலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. மின்கம்பம் வராத இடம். கூரையில் சோலார் தகடு, உள்ளே விறகடுப்பு. "இனிமே நமக்கு கரண்டும் வேணாம், கம்பெனியும் வேணாம் சிஸ்டர்" என்றீர்கள். கல்யாணமான நாள்முதல் கேலியாக என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன். சாத்தூர் வீட்டைக் காலி செய்தோம்.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர் நீங்கள். வேலைக்கு வருகிறவர்களின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டியோ லைட்டரோ இருந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவீர்கள். அப்படிப்பட்டவர் விதவிதமான லைட்டர்களை வரவழைத்து மேசைமேல் பரப்பியபோது சிரித்தேன். மலையேறிக் கூடாரம் போடுகிறவர்களின் படம் பெட்டிகளில் இருந்தது. கேஸ் அடைத்ததை முதலிலேயே ஒதுக்கினீர்கள். "நம்ம வெயிலுக்கு இது ஆகாது, வெடிச்சிரும்." மிச்சமிருந்த, சார்ஜ் போடும் லைட்டர்களை வரப்பில் நின்று எதிர்காற்றில் கொளுத்திப் பார்த்தீர்கள். சார்ஜ் போட்டு வாரக்கணக்கில் பரணில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து அமுக்கினீர்கள். ஒன்றில் சார்ஜ் இறங்கியதைக் காட்டும் விளக்கு இல்லை. இன்னொன்று பையில் கிடக்கும்போது தானாகவே எரியும். கடைசியில் நின்றது இந்த நீளக் கழுத்துக்காரன்தான்.

அதையும் என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னீர்கள். வாதத்தில் என் வலது கட்டைவிரல் மடங்காது, தீக்குச்சி உரச முடியாது. "எடது கையால அமுக்கு, பாப்போம்."

"எனக்கு எதுக்கு? தினம் காலையில நீங்கதான அடுப்புப் பத்த வைக்கிறீக?"

"நான் ஊருக்குப் போயிருந்தா?"

"எங்க போகப் போறீக, என்னைய விட்டுட்டு?"

நீங்கள் லைட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் மெலிவதை நான் பார்க்காமலில்லை. எத்தனை வார்டுகளில் நின்றவள் நான். கேட்டேன். மதுரையில் ஸ்கேன் எடுத்ததாகவும் வெறும் அல்சர் என்றும் சொன்னீர்கள். ரிப்போர்ட்டைக் கேட்டபோது, "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தப் பெண்டாட்டி மேற்கொண்டு பேசுவாள்? ஐப்பசி மழை வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கல்லறையிலிருந்து திரும்பிய அன்று உங்கள் தங்கை என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "வயித்துல கேன்சர்னு எனக்கு முன்னாலயே தெரியும் மதினி. சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாக." மாத்திரைகள்கூட அவள் வீட்டில்தான் இருந்தனவாம். பாதிரியாருக்கும் தெரியுமாம். "அவ ஊருக்கெல்லாம் நர்சா இருந்தது போதும், எனக்காவது பொண்டாட்டியா மட்டும் இருக்கட்டும்னு சொன்னாக மதினி."

அதைக் கேட்டு மனம் இளகும் என்று அவள் நினைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேரின் கடைசி நாட்களில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் புருஷனுக்கு அதைச் செய்ய விடாமல் தடுக்க நீங்கள் யார்? நான் உங்களோடு வாழ வந்ததாக நினைத்தேன். நீங்களோ நான் தனியாக இருக்க வீடு தயார் செய்துகொண்டிருந்தீர்கள். காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்குமா என்று ஒரு லைட்டரைச் சோதித்தீர்கள். நான் தாங்குவேனா என்று மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை.

வேலையை விட்டாலும் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். போன வாரம் நாரணாபுரத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அவளை வாசலோரம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து தன் ரிப்போர்ட்டை நீட்டினார். படித்தேன். நல்ல செய்தி இல்லை.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீக சிஸ்டர். தாங்க மாட்டா."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கூடவே இருக்கேன்."

ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். பிறகு அவரே எழுந்து வாசலுக்குப் போய், "இங்கன வா" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் அழுதாள், திட்டினாள், அவர் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது அவருடைய பை அவள் தோளில் இருந்தது.

அவர்கள் ரோட்டைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.